விருந்தாளி வந்தா வீடு பிழைக்கும்

கல்வராயன் மலையில வெள்ளிமலை, கரியாலூர்னு சுத்திட்டு வர்ற நம்ம கள்ளக்குறிச்சிக்காரங்க பலருக்கும் ஒரு ஆசை உண்டு. பழைய காலத்து வீடு ஒண்ணு இருந்து, அதுல தங்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்! பழைய வீட்டைச் சீர்செய்து விருந்தாளிகளுக்குத் திறப்பது என்ன மாதிரி வேலைன்னு தெரியணும்னா, திருச்சி, புதுக்கோட்டை தாண்டி செட்டிநாடு வரை போகணும்.

பர்மா, மலாயா, இலங்கையில் சம்பாதித்த பணத்தில் நகரத்தார் கட்டிய வீடுகள் அவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் வருமானம் ஆட்டம் கண்டது. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போச்சு. வீடு பூட்டிக் கிடந்தது.

பூட்டிய வீட்டுக்கு மழையை விடப் பெரிய எதிரி பங்குதான். மகன், பேரன்னு பங்கு பிரிந்து, ஒரு வீட்டுக்குப் பல பேர் உரிமை. ஓட்டை மாத்த யார் காசு கொடுப்பது? முடிவு வரலைன்னா வீட்டை இடிச்சு, தூணும் கதவும் தனித்தனியா விலைக்குப் போகும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் நாம ரசிச்சுப் பார்க்கிற கதவு, எங்கேயோ ஒரு வீடு இல்லாமல் போனதற்குச் சாட்சி.

இதுக்கு மாற்று வழி காட்டினவங்களில் முக்கியமானவர் மீனாட்சி மெய்யப்பன். தங்கள் குடும்பத்துப் பழைய பங்களாவைச் சீர்செய்து, 1999-ல் காரைக்குடியில் 'தி பங்களா'வைத் தொடங்கினார். விருந்தாளியை இழுத்தது கட்டடம் மட்டும் இல்லைங்க, செட்டிநாட்டுச் சாப்பாடும்தான். பிறகு கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ்னு பெரிய வீடுகளும் விடுதிகளாயின. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தன.

வேலை லேசு கிடையாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி சுவரை அரிக்கும். அதனால சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேணும். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைப்பது. விருந்தாளி வந்தால் கொத்தனாருக்கும், கல் வார்ப்பவருக்கும், சமையல்காரருக்கும் வேலை. அந்தக் கைத்தொழில் பிழைத்தால்தான் வீடும் பிழைக்கும்.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். செட்டிநாட்டு அளவுக்கு மாளிகைகள் இங்கே கிடையாது. 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. இங்கே ஒரு பழைய வீட்டைத் திறந்தால், அந்தக் கதையையும் விருந்தாளிக்குச் சொல்லணும். மலைவாழ் மக்கள் அங்கே தட்டு கழுவுறவங்களா மட்டும் இருக்கக் கூடாது, பங்குதாரர்களா இருக்கணும். அங்கே வீட்டைச் சாய்த்தது பங்குச் சண்டை. இங்கே பங்கே கொடுக்காமல் தொடங்கினால், அது மலைக்காரங்களுக்கு இன்னொரு ஜாகீர்தான். நீங்க என்ன சொல்றீங்க?