கட்டுள்ள இலவசமும் கட்டற்ற இலவசமும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை ஆராய்ந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய ஏ. பி. மில்ன் என்பாரைத் துணைக்கொண்டு, ‘போ’ தோட்டத்தை அங்குத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவருள் பெரும்பாலோர் தமிழர். தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பள்ளிகள் இன்றும் அங்கு உள்ளன.

அப்பள்ளி ஆசிரியர்க்கு இன்று கணிப்பொறியும் ஒரு கருவி. வினாத்தாள் அச்சிடவும் படம் வரையவும் இலவச மென்பொருளை வலையிலிருந்து இறக்கிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். அவ்வாறு இறக்கும்போது, வேண்டாத வேறு நிரல்களும் உடன் வந்து புகுந்துவிடுவதுண்டு. இது புதுக்காலத்துத் தொல்லையாகத் தோன்றினும், இதன் அமைப்பு தோட்டத் தமிழர்க்குப் புதியதன்று. அவர்தம் முன்னோர் கப்பலேறிய வரலாற்றிலேயே இதன் சாயலைக் காணலாம்.

மலாயாவிற்கு ஆள் சேர்த்த முறைகளுள் கங்காணி முறை பெயர் பெற்றது. தோட்டத்துரையின் செலவில் தமிழ்நாட்டுச் சிற்றூர்க்கு வந்த கங்காணி, வழிச்செலவு இல்லை என்று சொல்லி உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்துச் சென்றான். ஊர்க்கடனைத் தீர்க்கவும் வழியில் உண்ணவும் அவன் தந்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. கூட்டிவந்தவர் வேலைக்கு இறங்கும் நாள்தோறும், தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. இலங்கைத் தோட்டங்களிலோ தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ ஒன்று அவனைத் தொடர்ந்தது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பயணம் இலவசம், உடன்வந்த கட்டு இலவசமன்று. அழைத்தவனுக்கு யார் கூலி கொடுத்தார் என்பதை அழைக்கப்பட்டவர் அறிந்திலர்.

இக்கட்டு தளர்ந்த வகையும் நோக்கத்தக்கது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்டமுதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. வழிச்செலவு தொழிலாளியின் கடனாகாதபடி செய்வதே அதன் நோக்கம். கங்காணிக்கு உரிமச்சீட்டு வேண்டும் என்னும் விதியும் வந்தது. 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தையே நிறுத்தியது. செலவை யார் ஏற்கிறார், இடையில் நிற்பவன் யாருடைய ஆள் என்பவை வெளிப்பட வெளிப்படவே கட்டு தளர்ந்தது.

இனி மென்பொருளின் வரலாற்றிற்கு வருவோம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர் பலகாலம் விளக்கம் சொல்ல நேர்ந்தது. தமிழிலோ இக்குழப்பம் இல்லை. விலையில்லாததை ‘இலவச மென்பொருள்’ என்றும், உரிமை தருவதைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றும் பிரித்து வழங்குகிறோம். கட்டு என்பது தளையையும் குறிக்கும், மூட்டையையும் குறிக்கும். ஆதலின், வேண்டாதவற்றை மூட்டையாகக் கட்டித் தரும் இலவசத்தைச் சுட்டவும் அச்சொல்லே பொருந்துகிறது.

தமிழ்க் கணிமை பெரிதும் கைம்மாறு கருதாத கொடையால் வளர்ந்தது. கு. கல்யாணசுந்தரம் அவர்களின் ‘மயிலை’ எழுத்துரு 1990களில் இலவசமாகவே பரவியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பின்னர் ‘முரசு அஞ்சல்’ என உலகத் தமிழரிடம் பரவியது. 2000க்குப் பின் ‘எ-கலப்பை’ பலருடைய மேசையில் இடம்பெற்றது. இக்கொடைகளால் ஏற்பட்ட நம்பிக்கையே, இலவசம் என்று எழுதியிருப்பதை எல்லாம் ஐயுறாது ஏற்கும் பழக்கத்தையும் வளர்த்திருக்கலாம்.

அந்நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்த வரலாறு அண்மையது. ‘டவுன்லோட்.காம்’ என்னும் பெயர்பெற்ற தளம் 2011இல் பிறர் செய்த மென்பொருள்களைத் தன் நிறுவிக்குள் வைத்துத் தந்தது. அந்நிறுவி கருவிப்பட்டை முதலியவற்றையும் உடன் ஏற்ற முயன்றது. ‘என்மேப்’ என்னும் கருவியை இயற்றிய கார்டன் லயன் அவ்வாண்டு டிசம்பரில் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். 1999 முதல் கட்டற்ற மென்பொருளுக்குக் களஞ்சியமாக விளங்கிய ‘சோர்ஸ்ஃபோர்ஜ்’ தளமும் 2013இல் இணைப்பு நிரல்களைச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. படம் திருத்தும் ‘கிம்ப்’ மென்பொருளின் விண்டோஸ் பதிப்பாளர் அவ்வாண்டே அங்கிருந்து விலகினார். 2015 மே மாதத்தில் அத்தளம் கைவிடப்பட்ட கிம்ப் பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டு, விளம்பர நிறுவியுடன் வழங்கியது. எதிர்ப்பு வலுக்கவே அதனைக் கைவிட்டது. 2016 ஜனவரியில் தளம் கைமாறியது. புதிய உரிமையாளர் அடுத்த மாதமே அத்திட்டத்தை ஒழித்தனர்.

செய்தவர் கட்டின்றித் தந்த பொருளுக்கு இடையில் நின்றவர் கட்டுப் போட்டனர் என்பதே இந்நிகழ்ச்சிகளின் சாரம். அதன் காரணத்தை 2016இல் கூகுள் நிறுவனத்தாரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. வேண்டாத நிரல் ஒன்றை ஒரு கணிப்பொறியில் ஏற்றுவதற்கு 10 காசு முதல் ஒன்றரை அமெரிக்க டாலர் வரை விளம்பரதாரர் கொடுத்தனர். வாரந்தோறும் 6 கோடிக்கு மேற்பட்ட இறக்க முயற்சிகள் இவ்வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. பொறிக்கு இவ்வளவு என்னும் இக்கூலி, பழைய தலைக்காசின் உறவே எனலாம். மனிதர் பட்ட துயரும் பொறி படும் தொல்லையும் ஒன்றல்ல. எனினும், இலவசத்தைக் காட்டி அழைத்தவனுக்குக் கூலி வேறிடத்திலிருந்து வந்தது என்னும் அமைப்பு இரண்டிற்கும் பொது.

நோயின் முதல் இதுவாதலின் மருந்தும் தெளிவு. மென்பொருளைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குதல் வேண்டும். தேடற்பக்கத்தின் உச்சியில் வரும் விளம்பரத்தையும், பக்கத்தின் நடுவே மின்னும் பெரிய பச்சைப் பொத்தானையும் தவிர்த்தல் நலம். விண்டோஸ் இசைவு கேட்கும்போது வெளியிட்டவர் பெயரைக் காட்டும். அப்பெயர் பொருந்துகிறதா எனப் பார்த்தல் வேண்டும். நிறுவும்போது விரைவு வழியை விடுத்து, விருப்பத் தேர்வு வழியைக் கொண்டு, முன்னரே இடப்பட்ட குறிகளை நீக்குதல் வேண்டும். ஐயமுள்ள கோப்பை ‘வைரஸ்டோட்டல்’ என்னும் சோதனைத் தளத்தில் இட்டுப் பார்க்கலாம். ஆயின் மாணவர் விவரம் அடங்கிய கோப்பை அங்கு ஏற்றலாகாது. 2019 முதல் விண்டோஸ் 10 தமிழ் ஒலிப்பு விசைப்பலகையை உடன்கொண்டே வருகிறது. ஆதலின் தமிழில் எழுதுவதற்கென்றே அயலார் தளத்தை நாட வேண்டிய தேவையும் குறைந்துள்ளது.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்படும் வரை, எழுத்தறியாத தொழிலாளர் தாம் படிக்க இயலாத தாளில் கைநாட்டு வைத்தனர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகள் செய்த பெரும்பணி அக்கைநாட்டைக் கையெழுத்தாக மாற்றியது. இன்று அதே பள்ளியில் படித்த பிள்ளை, திரையில் தோன்றும் ஒப்புதலைப் படியாமலே ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்துமாயின், அதுவும் ஒருவகைக் கைநாட்டே. கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் அடங்கிய பொறியில் வைக்கும் கைநாட்டு அது. அத்திரையில் உள்ளதைத் தமிழில் விளக்கி, படித்த பின்னரே இசைவு தரப் பழக்குதல் ஆசிரியர் பணியின் தொடர்ச்சியேயாகும்.