விசுவமடுவும் கருவியில்லா ஆய்வுகூடமும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள விசுவமடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது போர்தான். கணனி வலையமைப்புக் கல்வியின் வரலாற்றை அவ்வூரிலிருந்து பார்ப்பது பொருந்தும் என்றே நான் கருதுகின்றேன். கருவிகள் கிட்டாத இடத்தில்தான் மெய்நிகர் ஆய்வுகூடத்தின் பெறுமதி விளங்கும்.

1980களின் இறுதியில், டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற எஸ். கேசவ், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'ரியல்' என்ற பாவனையாக்க மென்பொருளை உருவாக்கினார். வலையமைப்பில் ஏற்படும் நெரிசலை உண்மையான கருவிகளின்றி ஆராய அது உதவியது. 'என்.எஸ்.' என்னும் மென்பொருள் 1989இல் அதிலிருந்தே கிளைத்தது.

அக்காலத்தின் பின் வன்னி எப்படியிருந்தது? 1990களில் எரிபொருளும் மின்கலங்களும்கூட இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். மின்சாரமற்ற கொட்டில்களில் எண்ணெய் விளக்கே பிள்ளைகளின் துணை. 2009இன் தொடக்கத்தில் போர் விசுவமடுவைக் கடந்தபோது, எஞ்சியதையும் விட்டு மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே 2009இல்தான் இந்திய அரசு தகவல் தொழினுட்பவழிக் கல்விக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. மெய்நிகர் ஆய்வுகூடங்கள் அதன் வழியே பிறந்தன. கோயம்புத்தூரின் அமிர்தா பல்கலைக்கழகமும் அதில் பங்காளியாயிற்று.

இன்று எமது உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் வலையமைப்பு ஓர் அலகு. ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தியை ஒவ்வொரு மாணவருக்கும் வாங்கிக் கொடுக்க எந்தக் கிராமப் பாடசாலையால் இயலும்? சிஸ்கோவின் 'பாக்கெட் டிரேசர்' போன்ற மென்பொருளில் அதனைத் திரையில் இழுத்து வைக்கலாம், கம்பியால் இணைக்கலாம், ஐ.பி. முகவரி கொடுக்கலாம். முகவரி பிழைத்தால் தகவற்பொதி எந்த இடத்தில் நின்றதென்பதைப் படிப்படியாகக் காணலாம். உண்மைக் கருவியில் கண்ணுக்குப் புலப்படாதது இது. பிழைவிட்டாலும் எதுவும் பழுதாகாது.

ஆயினும் கம்பியின் நுனியைச் சீவி இணைப்பானில் பொருத்தும் கைப்பழக்கத்தைத் திரை தராது. மின்சாரத்தையும் அது தராது. 2022இல் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் மறக்கவில்லை.

ஆகவே மென்பொருளை நிறுவிவிட்டுக் கடமை முடிந்ததென அதிகாரிகள் கைகழுவுதல் தகாது. நல்ல கணனி, தடையற்ற மின்சாரம், பயிற்சிபெற்ற ஆசிரியர், தொட்டுப் பழக ஒரேயொரு வழிப்படுத்தி – இவை நான்கும் வேண்டும். விளக்கொளியில் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு இது பெரிய கோரிக்கையன்று.