மவுஸைத் தள்ளி வைத்த ஒரு மத்தியானம்

பட்ச் நண்பன் ஒருவனுக்குப் பார்வை இல்லை. போன வருசம் பரீட்சைக்கு முன்னம், வெள்ளவத்தையில் அவனுடைய அறைக்குப் படிக்கப் போனேன். லப்டொப் திரை இருட்டாகக் கிடந்தது. "ஸ்கிரீன் பழுதா மச்சான்?" எண்டு கேட்டேன். "எனக்கு ஏன்டா ஸ்கிரீன்? பற்றரி மிச்சம்" என்றான். பிறகு ஹெட்போனை என் தலையில் மாட்டி, திரையைப் போடாமல், மவுஸைத் தொடாமல் ஒரு இணையக் கட்டுரையைத் திறக்கச் சொன்னான். இருபது நிமிசம் போனது. சின்ன வயதிலிருந்து கொம்பியூட்டர் பாவிக்கிறேன் எண்ட பெருமையும் அதோடு போனது.

எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்ன மேடு இருப்பதையே அண்டைக்குத்தான் கவனித்தேன். நான் டப் கீயைத் தட்டித் தட்டி ஒவ்வொரு இணைப்பாகப் போனேன். அவன் சிரித்தான். "அப்பிடிப் போனா விடிஞ்சிடும். எச் தட்டு, தலைப்பு தலைப்பாப் பாயும். கே தட்டினா இணைப்பு." தட்டினேன். தேடல் பெட்டிக்குள் எச் எச் எச் எண்டு நிரம்பியது! வாசிக்கும் நிலை வேறு, தட்டச்சு நிலை வேறு. இன்சேர்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அமத்தினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறலாம். மாறும்போது சின்னதாய் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் காது பழகுவதுதான் பாதிப் படிப்பு.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது எண்டு தேடிப் பார்த்தேன். டொஸ் காலத்தில் திரை முழுக்க எழுத்து வரிகள்தான், அவற்றை எடுத்துப் பேசவைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. விண்டோஸ் வந்து திரை படமாக மாறியதும், மவுஸும் அம்புக்குறியும் பார்ப்பவர்களுக்கு வசதியாகிப்போக, பார்வையற்றவர்களுக்குத் திறந்திருந்த கதவு திரும்பச் சாத்தப் பார்த்தது. டெட் ஹெண்டர் எண்டொரு அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் 1978இல் விபத்தொன்றில் பார்வையை இழந்தவர். அவருடைய ஜோஸ் மென்பொருள் 1989இல் டொஸுக்கும் 1995இல் விண்டோஸுக்கும் வந்தது. நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை ஆயிரம் டொலரை ஒட்டியது. எங்கட ஊரில் யார் வாங்குவது? 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏயை எழுதத் தொடங்கினார், இன்னொரு பார்வையற்ற புரோகிராமரான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். அதை இலவசமாகக் கொடுத்தார்கள். நண்பனின் லப்டொப்பில் ஓடுவதும் அதுதான். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். தகர டப்பாவுக்குள் இருந்து கதைப்பது போலத்தான், ஆனாலும் தமிழ்.

அப்ப பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. வரலாற்றுப் பாட நோட்ஸ் ஒன்றைத் திறந்தான். பாமினி எழுத்துருவில் அடித்தது. அம்புக்குறி விசையால் ஒவ்வொரு எழுத்தாகப் போனான். திரையைப் போட்டுப் பார்த்தால் "அம்மா" எண்டு அழகாக இருக்கும் இடத்தில் காதுக்கு வந்தது: எம், கே, செமிகோலன், கே, எச். கொம்பியூட்டருக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அதற்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தி விடுகிறது, அவ்வளவே. யூனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பாமினியில் அடிக்கப் பழகிய கைகள் இங்கே இன்னும் நிறைய. அச்சில் வடிவாய்த்தானே வருது எண்டு யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. ஸ்கான் பண்ணிய பிடிஎஃப் இதைவிட மோசம், அதில் வாசிக்க எழுத்தே இல்லை, வெறும் படம்.

அண்டு பின்னேரம் அந்த நோட்ஸை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியில் போட்டாலும் சில இடங்கள் குழம்பும், அவற்றைக் கையால் திருத்தினேன். தலைப்புகளைப் பெருசாக்கி போல்டும் போட்டு, பெருமையோடு கொடுத்தேன். எச் தட்டினான். அடுத்த தலைப்பு இல்லை எண்டது குரல். திரும்பத் தட்டினான். அதே பதில்.

"போல்ட் போட்டா தலைப்பு ஆகாதுடா" என்றான். "ஸ்டைலுக்குள்ள போய் ஹெடிங் எண்டு குடு. உனக்குத்தான் அது பெருசாத் தெரியுது."

பதினேழு தலைப்பு. திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன்.