காஞ்சியின் மதில்களும் மக்களும்

காஞ்சி மாநகரை ஆலயங்களின் ஊர் என்றும் பட்டின் ஊர் என்றும் அறிந்தோர் பலர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வாலய மதில்களே கோட்டையாகவும் பயன்பட்டன என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே.

வழிபாட்டிடமே அரணாவது உலகில் புதுமையன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹங்கேரிய மன்னர் இரண்டாம் கேசாவின் அழைப்பில் டிரான்சில்வேனியாவில் குடியேறிய சாக்சானியர், உஸ்மானியர், தாத்தாரியர் ஆகியோரின் படையெடுப்புகளுக்கு அஞ்சித் தம் தேவாலயங்களைச் சுற்றி மதில் எழுப்பினர். பிரெஷ்மெர் என்னும் சிற்றூரின் மதிலுக்குள் இருநூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் உள்ளன. முற்றுகைக் காலத்தில் குடும்பங்கள் தங்கவும் தானியம் சேமிக்கவும் அவை கட்டப்பட்டன. எந்த உஸ்மானியருக்கு அஞ்சினார்களோ, அவர்கள் நாட்டில் நெய்த கம்பளங்களையே பிராஷோவ் நகரத் தேவாலயத்தில் இன்றும் பேணி வருகின்றனர் என்பது நெசவூர்க்காரர்களாகிய நம் கவனத்திற்குரியது.

காஞ்சியின் கதை வேறு. இங்கே மதில் படைகளுக்குப் பயன்பட்டது. மக்கள் வெளியே இருந்தனர். 1751-இல் ஆற்காட்டு முற்றுகை முடிந்தபின் கிளைவ் காஞ்சி ஆலயத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். அவ்வாண்டே அது ராஜா சாஹிபின் கைக்கு மாறிற்று. 1752-இல் மீண்டும் கிளைவிடம் வந்தது. இதைச் சமயப் போராகக் காட்ட எவரும் முயல வேண்டா. ஒரு பக்கம் முஹம்மது அலீ வாலாஜா, மறுபக்கம் சந்தா சாஹிபும் அவர் மகன் ராஜா சாஹிபும். இரு கட்சியிலும் முஸ்லிம் நவாபுகள். பின்னின்று ஆட்டுவித்தவை இரு ஐரோப்பியக் கம்பெனிகள்.

1757-இல் ஆலயத்தைத் தாக்கித் தோற்ற பிரெஞ்சுப் படை, சினத்தை ஊரின் மீது காட்டித் தீ வைத்தது. மதில் பிழைத்தது, ஊர் எரிந்தது.

1780 செப்டம்பர் 10-இல் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலீயும் திப்புவும் முறியடித்தனர். சில கல் தொலைவில் காஞ்சியில் இருந்த மன்றோ முழுப் படையுடன் உதவிக்குச் செல்லவில்லை. அங்குச் சேர்த்த உணவுப் பொருளைக் காக்க வேண்டியிருந்தது என்பதே அவர் கூறிய காரணம். மறுநாளே கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஔரங்கசீபின் படைகளுக்கு அஞ்சி 1688-இல் வரதராஜர் ஆலயத் திருமேனிகள் உடையார்பாளையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. 1710-இல் அவை திரும்பி வரத் துணைநின்றவர் கர்நாடக நவாப் சஆதத்துல்லாஹ் கானின் அதிகாரி லாலா தோடர்மல். முதற் செய்தியை மட்டும் கூறுவோரும் இரண்டாவதை மட்டும் கூறுவோரும் வரலாற்றுக்கு நீதி செய்தவராகார்.

புள்ளலூரில் 1781-இல் நிகழ்ந்த அடுத்த போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1757-இல் எரிந்த வீடுகள் எத்தெருவில் இருந்தன என்று கூறும் கல்லொன்றும் நம் கண்ணிற்பட்டதில்லை.