பதினைந்து மணி நேரத்தின் வரலாறு

உயர்கல்விக்கான நிதிச் சுருக்கத்தை ஆசிரியர் சங்கங்கள் எவ்வாறு எதிர்கொள்வது? பெங்களூருவின் அண்மை வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. அந்த விடை ஊதியத்தில் இல்லை. கால அட்டவணையில் இருக்கிறது.

சுருக்கத்தின் வேர் பழையது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் தம் செலவில் 15 விழுக்காட்டைத் தாமே ஈட்ட வேண்டும், பத்தாண்டுகளில் அதை 25 ஆக்க வேண்டும் என்று 1993இல் புன்னையா குழு பரிந்துரைத்தது. 1997இல் மத்திய நிதியமைச்சகத்தின் மானிய அறிக்கை, தொடக்கக் கல்விக்கு மேற்பட்ட கல்வியைத் தகுதியற்ற மானியங்களின் வரிசையில் சேர்த்தது. மாநிலங்களில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன. அவ்விடங்களின் பாடங்களை நடத்தத் தற்காலிக ஆசிரியர்கள் வந்தனர்.

கர்நாடகத்தில் அவர்கள் ‘அதிதி உபன்யாசகர்’. தமிழகத்தில் கௌரவ விரிவுரையாளர். கர்நாடகத்தின் அரசு முதல்நிலைக் கல்லூரிகளில் மட்டும் 14,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த தகுதி உடையவருக்கு மாதம் 13,000 ரூபாய், மற்றவருக்கு 11,000. 2021 டிசம்பரில் அவர்கள் பணிநிரந்தரம் கோரி வகுப்புகளைப் புறக்கணித்தனர். 2022 ஜனவரியில் அரசு மதிப்பூதியத்தை உயர்த்தியது. தகுதியும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவமும் உடையோருக்கு 32,000 ரூபாய். அதே அறிவிப்பு, 8 முதல் 10 மணி நேரமாக இருந்த வாரப் பணிச்சுமையை 15 ஆக்கியது.

ஒரு கல்லூரியில் வாரம் 60 மணி நேரப் பாடங்கள் இவர்கள் பொறுப்பில் இருப்பதாகக் கொள்வோம். முன்பு ஆறு பேர் தேவை. இனி நால்வர் போதும். ஒதுக்கீடு கூடியது, ஆனால் இருவர் வெளியேற நேர்ந்தது. அரசுப் பணிக்குரிய வயது வரம்பைக் கடந்துவிட்டவருக்கு அது வாழ்வின் முறிவு. போராடியோரில் ஒரு பகுதியினரின் வேலையே மற்றவர்களின் உயர்வுக்கு விலையாயிற்று.

நீதிமன்ற வழியும் குறுகியது. கர்நாடகத்திலிருந்தே எழுந்த உமாதேவி வழக்கில், நீண்டகாலப் பணி மட்டுமே நிரந்தரத்துக்கான உரிமை ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. ஆகவே ‘என்னை நிரந்தரமாக்கு’ என்னும் கோரிக்கைக்கு முன்னால் ‘இங்கே ஒரு பணியிடம் உண்டு’ என்பதை நிறுவியாக வேண்டும்.

அரசின் எண்ணே அதற்கு உதவுகிறது. மானியக் குழுவின் விதிப்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி நேரம். அவரது தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 15 மணி நேரம் கற்பிப்பவர் எந்த அளவில் ‘அதிதி’? ஒரு மணி நேரம் குறைந்த முழுநேர ஆசிரியர் அவர். நம் 60 மணி நேரக் கல்லூரியில் மறைந்து கிடப்பவை ஏறத்தாழ நான்கு நிரந்தரப் பணியிடங்கள்.

இந்தக் கணக்கைத் துறைவாரியாகத் தொகுப்பது சங்கப் பிரதிநிதியின் முதற்பணி. கால அட்டவணைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறலாம். இதில் ஓர் இடரும் உண்டு. பணியிடம் உருவானால் அது பொதுப்போட்டிக்கு வரும். இன்று பாடம் நடத்துபவரே வெளியே நிற்கக்கூடும். வயது வரம்புத் தளர்வையும் அனுபவத்துக்கான மதிப்பெண்ணையும் அதே மனுவில் கோராத சங்கம், பணியிடத்தை மீட்டு ஆசிரியரை இழக்கும்.

2023 இறுதியில் அவர்கள் மீண்டும் வகுப்புகளைப் புறக்கணித்தனர். கோரிக்கை அப்போதும் பணிநிரந்தரமே.