தலைக்கவசத்தில் செய்த சட்டிகள்

1946 ஒக்டோபர் 15 மாலை, பெர்லினின் சோவியத் பகுதியில் இருந்த அட்மிரால்ஸ்பலாஸ்ட் அரங்கில் ஒரு படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பெயர் 'கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்'. யுத்தத்துக்குப் பிறகு ஜேர்மனியர் எடுத்த முதல் கதைப்படம் அது. அன்றிரவே நியூரம்பெர்க் சிறையில் கோரிங் நஞ்சருந்திச் செத்தான். விடியுமுன் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். பெரிய தலைகளின் கணக்கு அங்கே தீர்ந்தது. மற்றவர்களின் கணக்கை இந்தப் படம் எடுத்துக்கொண்டது.

(அந்த அரங்கு பிரீட்றிக்ஸ்ட்ராஸ ரயில் நிலையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. எண்பதுகளில் கிழக்கு பெர்லினில் வந்திறங்கி மேற்கே போன எங்கள் ஆட்கள் பலருக்கு அந்த நிலையம் மறக்காது.)

போர்முனையிலிருந்து திரும்பிய மருத்துவர் மெர்டென்ஸ் குடியில் மூழ்கிக் கிடக்கிறார். 1942 நத்தார் காலத்தில், போலந்துக் கிராமமொன்றில் 36 ஆண்களையும் 54 பெண்களையும் 31 குழந்தைகளையும் சுடச் சொன்னவன் அவருடைய கப்டன் புரூக்னர். மெர்டென்ஸ் வேண்டாம் என்று கேட்டார். அவன் மறுத்தான். அவரால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை, அல்லது செய்யவில்லை. அந்த 'அல்லது'தான் அவரை அரிக்கிறது.

புரூக்னரை எதுவும் அரிக்கவில்லை. இராணுவத் தலைக்கவசங்களைச் சமையல் சட்டிகளாக்கும் தொழிற்சாலை நடத்துகிறான். நல்ல முதலாளி, அன்பான தகப்பன். ஒரு காட்சியில் பாண் சாப்பிடுகிறான். அதைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில், இருபது லட்சம் பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்ட செய்தி கொட்டை எழுத்தில் இருக்கிறது. தாள் அவனுக்குச் சாப்பாடு சுற்றுவதற்கு மட்டுமே. ஆயிரம் வசனம் சொல்லாததை அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

இயக்குநர் வொல்ஃப்காங் ஸ்டௌட்டெ கை கறைபடாதவர் அல்லர். யூத வெறுப்பைப் பரப்ப நாஜிகள் 1940இல் எடுத்த 'யூதன் சூஸ்' படத்தில் சிறு வேடத்தில் நடித்தவர். இந்தக் கதையை எழுதிக்கொண்டு அமெரிக்க அலுவலர்களிடமும் போனார், கைவிரித்தார்கள். சோவியத் அலுவலர்கள் இடங்கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. மூலக்கதையில் மெர்டென்ஸ் புரூக்னரைச் சுட்டுக் கொல்கிறார். அப்படி விட்டால் ஆளுக்காள் துப்பாக்கி தூக்குவார்கள், வழக்கு மன்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். முடிவு மாறியது. முகாமிலிருந்து மீண்ட சுசான் கடைசி நேரத்தில் வந்து தடுக்கிறாள்; கம்பிகளுக்குப் பின்னால் நின்று புரூக்னர் தான் குற்றமற்றவன் என்று கத்துகிறான்.

படத்தின் குறை சுசான்தான். ஹில்டகார்ட் க்னெஃப் அழகாக நடிக்கிறார். ஆனால் முகாம் அந்த முகத்தைத் தொட்டதாகவே தெரியவில்லை. சுடப்பட்ட 121 பேருக்கும் பெயர் இல்லை. குற்ற உணர்வுக்கு உரியவரின் வேதனை திரையை நிறைக்க, செத்தவர்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

புரூக்னருக்கு மன்றம் தண்டனை கொடுக்குமா என்பதைப் படம் சொல்லவில்லை. 1959இல், இம்முறை மேற்கு ஜேர்மனியில், ஸ்டௌட்டெ 'அரச வழக்குரைஞருக்கு ரோஜாக்கள்' எடுத்தார். கொஞ்சம் சொக்லேட்டுக்காக ஒரு சிப்பாய்க்கு யுத்தத்தின்போது மரணதண்டனை வாங்கிக்கொடுத்தவன், அதில் வழக்கு மன்றத்தின் உள்ளேயே அங்கி அணிந்து நிற்கிறான்.