பால் கொடுத்த மரம் நாற்காலியான வரலாறு



ஈப்போவில் மேசை நாற்காலி விற்கும் கடைக்குச் சென்றால், வெளிர் மஞ்சள் நிறத்தில் வழவழப்பாக இழைத்த சாமான்களைக் காணலாம். “இது ரப்பர் மரம். காட்டை அழித்துச் செய்ததல்ல, சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்பார் கடைக்காரர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும். நம் பாட்டிமார் லயத்து அடுப்பில் வைத்து எரித்த மரமல்லவா இது! அடுப்பில் எரிந்த மரம் கூடத்து நாற்காலியானது எப்படி? அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

இந்த மரத்தின் மலாயாக் கதை நம் பேராக் மாநிலத்தோடு பிணைந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தில் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மிகச் சிலவே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில், அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அவ்வூரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. கோலகங்சாருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்பட்டு நலிந்தது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவரான ரிட்லி, 1890-களில் வேறு வழி கண்டார். உள்மரத்தைத் தொடாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் போதும். பட்டை மீண்டும் வளரும், மரமும் பல்லாண்டு பால் தரும் என்று காட்டினார். உளி ஆழமாகப் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம் என்பதைப் பால்வெட்டும் தாய்மாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிரைப் போக்காமல் பயனை எடுப்பது என்ற பாடத்தை விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அன்றாடம் செய்து காட்டியவர்கள் அவர்களே.

ஆனால் மரத்துக்கும் முதுமை உண்டு. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். அந்த மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரத்தில் ஒரு பகுதி வீட்டு அடுப்புக்கும், ரப்பர் தகடுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகைக்கும், செங்கல் சூளைக்கும் போயிற்று. 1967 முதல் பிறை நகரில் இயங்கிய மலாயாவாட்டா இரும்பாலை, ரப்பர் மரக்கரியைக் கொண்டே இரும்பு உருக்கியது. எஞ்சியதை நிலத்திலேயே குவித்துக் கொளுத்தினார்கள்.

அதில் நாற்காலி செய்யத் தடையாக இருந்தது எது? ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரைச் சத்தும் மிகுதி. வெட்டிய சில நாட்களில் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும்; வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். பலகையை உடனே அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உள்ளே செலுத்தி, சூட்டறையில் உலர்த்தினால் இந்தக் குறை நீங்கும். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மரத்தைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் பலகை ஏற்றுமதி தலையெடுத்தது. 1980-களில் மரச்சாமான் தொழில் வளர்ந்தது. இன்று நம் நாட்டு மரச்சாமான் ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்த மரத்தால் ஆனதே. உள்நாட்டு ஆலைகளுக்கே மரம் போதாமல், 2017-இல் அறுத்த ரப்பர்ப் பலகையின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது.

இப்போது இதில் வீணாகும் பகுதி குறைவு. சிறு கிளைகள் அரைக்கப்பட்டுச் செயற்கைப் பலகை ஆகின்றன. மரத்தூளில் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள். பால் தந்த மரம் பலகையும் தந்து, கடைசித் தூளில் உணவும் தருகிறது. எரித்தால் உடனே புகையாய்ப் போகும் கரி, மேசையாக இருக்கும்வரை மேசைக்குள்ளேயே அடங்கி இருக்கிறது. ஆகவே கடைக்காரர் சொன்னது பொய்யல்ல.

ஆனால் அது முழு உண்மையுமல்ல. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களும் ஒரு காலத்தில் காடாக இருந்தவையே. நம் முன்னோர் காய்ச்சலிலும் அட்டைக்கடியிலும் திருத்திய மண் அது. பழைய மரத்துக்கு நல்ல விலை கிடைத்த அதே ஆண்டுகளில், பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மரம் லாரியில் ஏறியது. லயத்துக் குடும்பங்களும் மூட்டை கட்டின. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்த வீடில்லாமல் வெளியேறியவர்கள் பலர்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ரப்பர் நிரையிலும் செம்பனை நிரையிலும் புல்லைக் கொல்லப் பாராகுவாட் என்ற நஞ்சைத் தெளித்தார்கள். முதுகில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கழன்றது, கண் எரிந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. 2002-இல் அரசாங்கம் அதற்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. மரத்துக்கு உகந்தது என்று எழுதிய சீட்டில், மருந்து அடித்த அக்காளின் கைக்கு உகந்ததா என்று எழுதியிருக்கவில்லை.

எனவே நேயர்களே, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று எந்தப் பொருளை விற்றாலும் மூன்று கேள்விகள் கேட்போம். இது எங்கிருந்து வந்தது? செய்தவர் உடலுக்கு என்ன ஆயிற்று? பயன் முடிந்தபின் இது எங்கே போகும்?

வீட்டில் ரப்பர் மர நாற்காலி இருந்தால் மழையிலும் ஈரத்தரையிலும் வைக்காதீர்கள். ஈரம் அதற்குப் பகை. கால் ஆடினால் எறிந்துவிடாமல் ஆப்பு அடித்துப் பசையிட்டு இறுக்குங்கள். புதிதாக ஒன்று வாங்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பசுமையான செயல். பிறகு, அதில் பிள்ளையை உட்காரவைத்து, இந்த மரத்தில் பாட்டி பால் வெட்டிய கதையைச் சொல்லுங்கள். கடைச் சீட்டில் இல்லாத அந்த வரலாற்றை நாம்தான் சொல்ல வேண்டும்.